கடலைத் தொலைத்த கள்ளக்குறிச்சி… தெரியுமா?

கள்ளக்குறிச்சிக்காரர்கள் இரண்டு முறை கடலைப் பறிகொடுத்தவர்கள், தெரியுமா? புயல் கொண்டுபோகவில்லை, சுனாமி கொண்டுபோகவில்லை, அரசாணை கொண்டுபோனது! ஒன்றுபட்ட தென்னார்க்காடாக இருந்தவரை பரங்கிப்பேட்டையும் பிச்சாவரமும் நம் மாவட்டம்தான். 1993 செப்டம்பர் 30ல் விழுப்புரம் தனியாகப் பிரிந்தது. அவை கடலூரோடு போயின. மரக்காணமாவது மிச்சம் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டால், 2019 நவம்பர் 26ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. மரக்காணம் விழுப்புரத்தோடு நின்றுவிட்டது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்தது, கடல் தூரப் போனது! அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் மேட்டு நிலம் வந்தவனைப் போல, நமக்கு மலை மட்டும் மிஞ்சியது.

ஆனால் ஆறுகளுக்கு அரசாணை படிக்கத் தெரியாதே! கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியிலும் மணிமுத்தாற்றிலும் இறங்கி, வெள்ளாற்றில் கலந்து, இன்றைக்கும் பரங்கிப்பேட்டையில்தான் கடலைத் தொடுகிறது. அந்தத் தண்ணீர் போகிற போக்கிலேயே போவோம் என்று வெள்ளிமலையிலிருந்து ஒரு வேனில் குடும்பத்தோடு இறங்கினோம். கூகுள் மேப் வேண்டாம் என்றவர் சித்தப்பா. எந்தத் ‘தெரியுமா?’வுக்கும் ‘தெரியும்’ என்று பதில் வைத்திருக்கும் மனிதர்.

ஆரியபட்டா செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது 1975ல். அப்போதும் இந்த மலையில் ஜாகீர்தார்களின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது, தெரியுமா? சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்கள். சமவெளியில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948லேயே வந்துவிட்டது. மலைக்கு அது ஏறி வர 1976 ஆனது! விண்வெளிக்குப் போன வேகத்தில் பாதி இருந்திருந்தால்கூட… சரி, விடுங்கள்.

இந்த மலையில் வாழும் பழங்குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். டீக்கடையில் சித்தப்பா, “கேரளாவுல உங்களுக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டுவைத்தார். கடைக்காரப் பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே, “எங்க பாட்டன் பூட்டன் காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தவங்கன்னு சொல்லுவாங்க, சாமி. நாங்க பேசறது தமிழுதான்” என்றார். கொண்டை ஊசி வளைவுகள் முடியும்வரை சித்தப்பா வாயைத் திறக்கவில்லை. வாந்திக்குப் பயந்து எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்திருந்ததாகப் பிறகு விளக்கம் சொன்னார்.

கீழே கோமுகி அணை, கச்சிராயபாளையம், கரும்பு. கள்ளக்குறிச்சிக் கூட்டுறவு சர்க்கரை ஆலை கள்ளக்குறிச்சி நகரத்தில் இல்லை, தெரியுமா? ஒன்று மூங்கில்துறைப்பட்டில், இரண்டாவது கச்சிராயபாளையத்தில். கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய வேனுக்கு அவசரம் என்று ஒன்று கிடையாது. பிள்ளைகளுக்கு அதில் மகிழ்ச்சிதான். முன்னால் போவதே தின்பண்டம்!

இப்போது வருவதுதான் உச்சம். ‘ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறான்’ என்று யாரையாவது கேலி செய்திருக்கிறீர்களா? அப்படித் தேடி, எடுத்தும் காட்டியவர் ஒருவர் இருக்கிறார். அந்த ஆறு நம் மணிமுத்தாறு! விருத்தாசலத்தில் சிவன் தந்த பன்னிரண்டாயிரம் பொன்னைச் சுந்தரர் இந்த ஆற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்கிறது புராணம். ரசீது கிடையாது, ஓடிபி கிடையாது! எடுத்த பொன்னில் மாற்றுக் குறைந்திருக்குமோ என்ற சந்தேகமும் வந்திருக்கிறது. உரைத்துப் பார்த்துச் சொன்னவர் பிள்ளையாராம். மாற்றுரைத்த விநாயகர் என்று இன்றும் திருவாரூரில் இருக்கிறார். இதற்கும் மேலே ஒன்று: சுந்தரர் பிறந்த திருநாவலூர் உளுந்தூர்பேட்டைப் பக்கம், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள் இருக்கிறது. மலைத் தண்ணீரில் பணம் அனுப்பிய முதல் ஆள் நம்மூர்க்காரர்! சித்தப்பாவும் ஆற்றங்கரையில் ஒரு ரூபாய் போட்டுப் பார்த்தார். மணலில் விழுந்தது. தண்ணீர் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

கூடலையாற்றூரில் மணிமுத்தாறு வெள்ளாற்றோடு கூடுகிறது. சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று ஊர்கள் ஓட, திடீரென்று காற்றில் கருவாட்டு வாசம். பரங்கிப்பேட்டை!

இன்று மீன் வலை காயும் இந்த ஊரில் 1830களில் இரும்பு உருக்கினார்கள், தெரியுமா? ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், சேலத்து இரும்புக்கல்லைக் கொண்டுவந்து மரக்கரியில் உருக்கினார். இந்தியாவின் ஆரம்பகால நவீன இரும்பாலைகளில் ஒன்று, கடைசியில் கட்டுப்படியாகவில்லை. அதற்கும் முன்னால், 1781 ஜூலை 1ல், ஹைதர் அலியின் பெரும்படையை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் சின்னப் படை தோற்கடித்ததும் இந்த ஊர்ப் பக்கம்தான். எங்கள் வேனில் அன்று நடந்த போர் வேறு: வறுத்த வஞ்சிரமா, இறால் தொக்கா? இறால் வென்றது.

பக்கத்திலேயே பிச்சாவரம். சேற்றுக்கு மேலே வேரை நீட்டி மூச்சு விடும் மரங்கள்! காய் மரத்தில் தொங்கும்போதே விதை முளைத்து, நாற்றாகவே கீழே விழும் சுரபுன்னை! சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லை, நகரத்தில் அல்ல, இந்தக் காட்டில்தான் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே மங்கும். படகுக்காரர் இதைச் சொன்னதும், இலையைப் பறிக்கப் போன சித்தப்பாவின் கை சட்டைப் பைக்குள் போனது. எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ எடுத்த இடம் என்றபோது மட்டும், “தெரியும், முதல் நாளே பார்த்தவன்” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். படகு ஆடியது.

வடக்கே கடலூர். பீரங்கிக் குண்டு விழுந்த தூரம்வரை நிலத்தை விலைக்கு வாங்கிய கதை தெரியுமா? 1690ல் தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சி மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியபோது பேச்சு அதுதான்: கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு எட்டும் தூரத்துக்குள் இருப்பதெல்லாம் கம்பெனிக்கு. சும்மா இருப்பார்களா? நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்துச் சென்னையிலிருந்து வரவழைத்தார்கள். சுடுகிறவனுக்கும் திறமையைக் காட்டச் சொல்லி உத்தரவு. சிக்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். கடலூரும் அதற்குள் சிக்கியது. பேரத்தை முடித்த சென்னை கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரில்தான் இருக்கிறது! ‘பேருந்து நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம்’ என்று மனை விற்கிறவர்கள் இவரிடம் பாடம் படித்திருக்க வேண்டும்.

திரும்பும்போது தென்பெண்ணையைப் பிடித்து மேற்கே ஏறினால் திருக்கோவிலூர். மீண்டும் நம் மாவட்டம். ஆற்று நடுவே ஒரு பாறை. பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த இடம் என்று இங்கே ராஜராஜன் காலக் கல்வெட்டே சொல்கிறது. ஊருக்குள் உலகளந்த பெருமாள். ஓங்கி நிற்கும் அந்த மூலவர் கல் அல்ல, மரம் என்பார்கள். 2021ல் கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

இதே ஊரில்தான் ஒரு மழை இரவில் முதலாழ்வார்கள் மூவரும் ஓர் இடைகழியில் சந்தித்தார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். நாலாவதாக யாரோ நெருக்க, யாரென்று பார்த்தால் பெருமாள்! வேனில் ஏறும்போது இதைச் சொல்லி, “தெரியுமா சித்தப்பா?” என்றேன்.

“தெரியும். அதுக்காக மூணு பேர் சீட்டுல என்னை நாலாவதா திணிக்காதே. நான் முன்னாடி டிரைவர் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன்.”