கோயில் கூரையில் ஒரு துரை

புதுச்சத்திரத்தில் பஸ் ஏறித் தெற்கே போகிறவர்களுக்குக் கோட்டை என்றால் நாமக்கல் கோட்டைதான். ஒரே பாறை, அதன் உச்சியில் சுற்றுமதில். கட்டியது ராமச்சந்திர நாயக்கரா, மைசூர்க்காரர்களின் அதிகாரி லட்சுமி நரசய்யாவா என்று இன்றும் பேசுகிறார்கள். அந்தச் சறுக்குப் பாறையில் கல் ஏற்றியவர்கள் யார் என்று யாரும் பேசுவதில்லை. மலேசியாவில் பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில், சிறு குன்றின் மேல் நிற்கும் ஒரு கோட்டைக்குப் போனபோது எனக்கு இந்த நினைப்புதான் வந்தது.

அதன் பெயர் கெல்லி கோட்டை. கட்டியவர் வில்லியம் கெல்லி ஸ்மித், 1870-இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். இருபது வயதில் மலாயா வந்து, காடு வெட்டிச் சாலை போடும் ஒப்பந்த வேலையில் காசு சேர்த்தார். பேராக் மாநிலத்தின் கிந்தா பகுதியில் ஆயிரம் ஏக்கர் காடு வாங்கி ரப்பர் நட்டார். தோட்டத்துக்குச் சொந்த ஊரின் நினைவாக ‘கிந்தா கெல்லாஸ்’ என்று பெயர். விக்டோரியா மகாராணி 1850-களில் பால்மோரல் கோட்டையைக் கட்டியதிலிருந்து, கொஞ்சம் பணம் சேர்ந்த ஸ்காட்லாந்துக்காரர் பலருக்கும் கோபுரம் வைத்த வீட்டின் மேல் ஆசை. ஸ்மித்தும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். மகன் பிறந்த 1915-இல் வேலையைத் தொடங்கினார்.

ஆறு மாடிக் கோபுரம், அதற்குள் மின்தூக்கி, மது அறை, மொட்டை மாடியில் விருந்து முற்றம் என்று பெரிய திட்டம். மின்தூக்கிக்கு விட்ட வெற்றுக் கிணறு மட்டும் இன்றும் இருக்கிறது. செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து கப்பலில் போயின. எழுபது கொத்தனார்களும் மதறாஸ் பக்கத்திலிருந்து போனார்கள். சென்னை ஹைகோர்ட்டைப் பார்த்த கண்ணுக்கு அந்த ஜன்னல் வளைவுகள் புதிதாகத் தெரியாது.

தோட்டங்களில் பால் வெட்டியவர்களும் நம்மவர்களே. அப்போதைய சேலம், திருச்சி, தஞ்சாவூர் ஜில்லாக்களிலிருந்து கங்காணி கூட்டிப்போக, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள் எத்தனையோ பேர். மழை பொய்த்த வருஷங்களில் இந்த ஜில்லாக்களில் அக்கரைச் சீமை என்ற சொல்லுக்கு இருந்த கனம் அப்படி.

முதல் உலகப் போர் முடிந்த சமயம் உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சல் ஸ்மித்தின் தோட்டத்துக்கும் வந்தது. ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். மிஞ்சியவர்கள் துரையிடம் போய், மாரியம்மனுக்கு ஒரு கோயில் கட்டித் தரச் சொன்னார்கள். துரை கட்டித் தந்தார். அவர்களும் நன்றி மறக்கவில்லை. கோயில் கூரையில் சாமி சிலைகளோடு வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஸ்மித்தையும் நிறுத்திவிட்டார்கள். நான் பார்த்த எந்த அரண்மனைச் சித்திரமும் இதற்கு ஈடில்லை. தங்களை வேலை வாங்கியவருக்குத் தங்கள் கையாலேயே ஓர் இடம் கொடுத்தார்கள். அந்த இடம் எது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள்.

1926-இல் ஐரோப்பா போன ஸ்மித், லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்தார். மனைவி சொத்தை விற்றுவிட்டு ஊர் திரும்பினார். கோட்டை அரைகுறையாகக் காட்டுக்குள் கிடந்தது. பின்னாளில் சுற்றுலாத் தலமாகி, 1999-இல் வந்த ‘அன்னா அண்ட் தி கிங்’ படத்திலும் இடம்பெற்றது.

இப்போது போகிறவர்களுக்குப் பேய்க்கதை நிறையச் சொல்கிறார்கள். ரகசியச் சுரங்கம் பற்றியும் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், கேட்கட்டும். பெரியவர்கள் பூச்சு ஏறாத சுவர்களைப் பார்க்க வேண்டும். வேலை பாதியில் நின்றதால்தான் அந்தச் செங்கல் வரிசை கண்ணுக்குத் தெரிகிறது. வளைவில் ஒவ்வொரு கல்லும் சரிந்து உட்கார்ந்திருக்கும் நேர்த்தியைப் பார்த்தால், ரசமட்டம் பிடித்த கை யாருடையது என்று கேட்கத் தோன்றும்.

மலேசியா போகும் நம்மூர்க்காரர்கள் கோலாலம்பூரோடும் பத்துமலையோடும் திரும்பிவிடாதீர்கள். ஈப்போவிலிருந்து காரில் அரை மணி நேரம்தான். கோட்டைக்கு டிக்கெட் எடுத்துப் பார்த்த பிறகு, பக்கத்திலிருக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் போய், ஒரு சூடம் ஏற்றிவிட்டு வாருங்கள்.