மாமியாரை வெளியே அனுப்புங்கள்!
கையில் கருத்தடை குச்சி வைக்கும் முன் எதையும் மறைக்காதீர்கள்

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறியாம்மா?" என்று நர்சு கேட்கிறார்.

"இல்லீங்க" என்று தலையை ஆட்டுகிறாள் இளம்பெண். பக்கத்தில் மாமியார்! வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் சங்கதி புகுந்த வீட்டுக்குத் தெரியாது.

இப்படி ஒரு பொய் சொன்னால் என்ன ஆகும்? கருத்தடை குச்சி கையிலேயே இருக்கும். வயிற்றில் குழந்தையும் உண்டாகலாம்!

தீக்குச்சி அளவு

இந்தக் குச்சி 4 சென்டிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் கனம். அதிகம் புழங்காத கையில், முழங்கைக்கு மேலே உள்பக்கத் தோலுக்கு அடியில் வைக்கிறார்கள். மரத்துப்போக ஊசி போடுவார்கள். 68 மில்லிகிராம் ஹார்மோன் மருந்து சிறுகச் சிறுகக் கசிந்து 3 வருடத்துக்குக் கருவைத் தடுக்கும். மத்திய அரசின் குடும்ப நலத் திட்டத்தில் 2023-ம் ஆண்டு சில மாநிலங்களில் இது அறிமுகமானது.

மாத்திரையால் வரும் வினை

வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடாயின், கார்பமாசிபின், காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் ஆகியவை குச்சியில் இருந்து வரும் மருந்தைக் கல்லீரல் சீக்கிரமே கரைத்துவிடும்படி செய்கின்றன. பலன் குறைந்து விடும். இவர்களுக்குக் காப்பர்-டி போன்ற வேறு வழி இருக்கிறது.

யாருக்கு ஆகாது?

மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்குக் குச்சி கூடவே கூடாது. முன்பு வந்து குணமானவர்களுக்கும் பொதுவாக வைப்பதில்லை.

காரணம் தெரியாத ரத்தப்போக்கு, முற்றிய கல்லீரல் நோய், கல்லீரல் கட்டி, கால் நரம்பில் ரத்தக்கட்டு இருந்தால் டாக்டர் பரிசோதித்துத்தான் முடிவு சொல்வார்.

"கடைசியா எப்ப குளிச்சே?" என்று கேட்பதும் சும்மா இல்லை. கர்ப்பம் இல்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும். மாதவிலக்கு தொடங்கி 5 நாட்களுக்குள் வைத்தால் உடனே பலன். மற்ற நாளில் வைத்தால் 7 நாள் ஆணுறையும் வேண்டும்.

பயம் வேண்டாம்

பால் கொடுக்கும் தாய்மார்கள் டாக்டரிடம் கேட்டு வைத்துக் கொள்ளலாம். குழந்தை பெறாதவர்களும் வைக்கலாம். எடுத்துவிட்டால் மறுபடி கருத்தரிக்கலாம்.

மாதவிலக்கு மட்டும் தாறுமாறாகலாம். சிலருக்கு அடிக்கடி படும். சிலருக்கு நின்றே போகும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெண்கள் பதற மாட்டார்கள். பிடிக்காவிட்டால் 3 வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம்.

எல்லாம் அந்தச் சில நிமிடக் கேள்வியில்தான் இருக்கிறது. கேட்கிறவர்கள் தனியாக வைத்துக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்:

"டாக்டர், உங்ககிட்ட கொஞ்சம் தனியா பேசணும்!"