80,000 ரூபாய்க்குள் ஒரு கேமிங் சிஸ்டம்

சென்னை ரிச்சி தெருவுக்கு கேமிங் சிஸ்டம் வாங்க வரும் பிள்ளைகள் பெரும்பாலும் செல்போனில் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். முதல் வரியில் கிராபிக்ஸ் கார்டு, அடுத்து பிராசசர், அதற்குப் பிறகு கலர் லைட் எரியும் ஃபேன்கள் எத்தனை என்ற கணக்கு. எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் கடைசி வரியில் இருக்கும். சில பட்டியல்களில் அதுவும் இருக்காது. நான் பட்டியலைப் படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்து இரண்டு கேள்வி கேட்பேன். "என்ன கேம் விளையாடுறே தம்பி? வீட்ல என்ன மானிட்டர் இருக்கு?"

சிஸ்டம் அசெம்பிள் செய்வது என் பிழைப்பு. இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் ஒரு பாகத்தின் பெயரைக்கூட நான் சொல்வதில்லை. கிராபிக்ஸ் கார்டின் வேலை திரையில் உள்ள புள்ளிகளை நொடிக்குப் பலமுறை வரைந்து தள்ளுவது. 1920க்கு 1080 என்ற சாதாரண ஃபுல் எச்டி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி திரையில் சுமார் 36.9 லட்சம். 4கே என்றால் சுமார் 83 லட்சம். அதாவது 4கே மானிட்டர் வாங்கியவர், ஃபுல் எச்டி வைத்திருப்பவரைவிட நான்கு மடங்கு வேலையைக் கார்டின் தலையில் ஏற்றுகிறார். 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 படம்தான் காட்டும். அதன் பின்னால் 150 படம் வரையும் கார்டை வைத்தால், கண்ணுக்கு வராத படங்களுக்குக் காசு கொடுத்திருக்கிறோம்.

கேமுக்குக் கேம் தேவையும் மாறும். வேலரண்ட் மாதிரிப் போட்டி கேம்கள் கார்டைவிட பிராசசரைத்தான் அதிகம் கேட்கும். எளிய கார்டிலேயே நன்றாக ஓடும். சைபர்பங்க் 2077 போன்றவை கார்டைப் பிழிந்து எடுத்துவிடும். நாள் முழுக்க வேலரண்ட் மட்டும் ஆடும் பிள்ளைக்குப் பெரிய கார்டை விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பணத்தில் ஒரு 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினால் அவன் ஆட்டமே மாறும்.

பணம் குறைவாக இருக்கும்போது எல்லாப் பாகத்திலும் கொஞ்சம் கொஞ்சம் குறைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். நான் அப்படிச் செய்ய விடமாட்டேன். எதைப் பின்னால் சுலபமாக மாற்றலாமோ, எதைப் பின்னால் சேர்க்கலாமோ அதில் குறைக்கலாம். எது கெட்டால் மற்றதையும் கெடுக்குமோ, எதை மாற்றினால் பாதி சிஸ்டத்தை மாற்ற வேண்டியிருக்குமோ அதில் குறைக்கக் கூடாது. இரண்டாவது எஸ்எஸ்டி, கூடுதல் ஃபேன், நல்ல கீபோர்டு எல்லாம் அடுத்த தீபாவளி போனஸில் வரட்டும். எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் முதல் நாளே சரியாக இருக்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். கேபினட்டோடு சேர்த்தே மலிவாகத் தரும் பெட்டிகளில் 450 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை நம்பாதீர்கள், பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் கம்பியிலிருந்துதான். அந்தக் கட்டத்தில் உள்ள ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்று இருந்தால் 192 வாட்ஸ்தான் உங்களுக்கு உருப்படியாகக் கிடைக்கும். நல்ல 450 வாட்ஸ் யூனிட்டில் அதே இடத்தில் 36 ஆம்பியர் அளவுக்கு இருக்கும், பெருக்கினால் 432. பெட்டியின் மேல் இரண்டிலும் ஒரே எண், மலிவானதில் உள்ளே பாதிக்கும் குறைவு.

80 பிளஸ் முத்திரையைப் பார்த்து வாங்கச் சொல்வார்கள். பார்க்கலாம். ஆனால் அது சொல்வது, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதை மட்டும்தான். அதில் பிரான்ஸ் எனப்படும் வெண்கல முத்திரைக்குப் பாதிச் சுமையில் 85 சதவீதம் தேற வேண்டும். ஷார்ட் ஆனால் தன்னை அணைத்துக்கொள்ளுமா, வோல்டேஜ் எகிறினால் தடுக்குமா என்பதற்கு அந்த முத்திரையில் பதில் இல்லை. அந்தப் பாதுகாப்புகள் எழுதியிருக்கிறதா, வாரண்டி எத்தனை வருடம் என்று தனியாகப் பாருங்கள். மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போகாமல் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனதை என் மேசையில் பார்த்திருக்கிறேன். ஒரு வருடமாகக் காசு சேர்த்து வாங்கிய பிள்ளையிடம் அதைச் சொல்வதைப் போன்ற வேதனை இந்தத் தொழிலில் வேறு இல்லை.

இனி எல்லோரும் காத்திருக்கும் கிராபிக்ஸ் கார்டு. பெயர் ஒன்றாக இருக்கும், சரக்கு வேறாக இருக்கும். ஏமாற்றம் நடப்பது இங்கேதான். ஜிடி 1030 என்ற சின்ன கார்டு இரண்டு விதமாக வந்தது. ஜிடிடிஆர்5 மெமரி வைத்தது நொடிக்கு 48 ஜிபி தகவலை நகர்த்தும். டிடிஆர்4 வைத்தது 17 ஜிபியைக்கூட எட்டாது. பெட்டியின் மேல் அதே பெயர். ஆர்டிஎக்ஸ் 3050 கதையும் இதுதான். 8 ஜிபி கார்டில் 2560 கோர்கள் இருந்தன. 2024இல் வந்த 6 ஜிபி கார்டில் 2304 மட்டுமே. 2 ஜிபிதானே குறைவு என்று வாங்கினால் வேகமும் குறைந்திருக்கும். ஆனாலும் அந்த 6 ஜிபி கார்டை நான் ஒதுக்கமாட்டேன். அது 70 வாட்ஸ்தான் எடுக்கும். பலவற்றுக்குத் தனி பவர் கேபிளே வேண்டாம். மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்ஸ் போதும். ஆபீஸில் கழித்துக்கட்டிய சிஸ்டத்தை கேமிங்குக்கு மாற்ற நினைப்பவருக்கு அது நல்ல கார்டு. புதிதாக அசெம்பிள் செய்பவருக்கு அல்ல.

"அண்ணே, இது 4 ஜிபி, அது 8 ஜிபி. அப்போ அது டபுள் ஸ்பீடா?" என்று கேட்கிறார்கள். ஜிபி என்பது வேகக் கணக்கு இல்லை. கேமின் படங்களை கார்டு தன் கையிலேயே வைத்துக்கொள்ள எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் அது. இடம் போதுமானால் அதற்குமேல் கூட்டிப் பயன் இல்லை. போதாவிட்டால் ஆட்டம் நடுவில் திக்கித் திக்கி நிற்கும். இன்றைய பெரிய கேம்களுக்கு ஃபுல் எச்டியிலேயே 8 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து.

செகண்ட்ஹேண்ட் கார்டு வாங்கலாமா? வாங்கலாம், கண்ணெதிரே ஓட்டிப் பார்த்து. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் கிரிப்டோ, கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து நாணயம் எடுக்கும் முறையைக் கைவிட்டது. அதுவரை இரவு பகலாக அதற்கு உழைத்த கார்டுகளுக்கு வேலை போய், பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. அப்படி உழைத்த கார்டு எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். ஃபேன் சத்தம், அரை மணி நேரம் கேம் ஓடிய பிறகு சூடு எவ்வளவு, திரையில் கோடோ புள்ளியோ வருகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதைவிட மோசம் போலிகள். 2010இல் வந்த ஜிடிஎஸ் 450 கார்டின் பயாஸை, அதாவது உள்ளே பதிந்திருக்கும் மென்பொருளை மாற்றி, 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்றார்கள். விண்டோஸும் அதே பெயரைத்தான் காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் அந்தப் பித்தலாட்டத்தைப் பிடித்துப் போலி என்று எழுதிக் காட்டிவிடும். பென்டிரைவில் அதைப் போட்டுக்கொண்டு போங்கள். ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

பிராசசரில் பெயர் மயக்கம் வேறு விதம். "ஐ7 சிஸ்டம், விலை ரொம்பக் கம்மி" என்று பழைய ஆபீஸ் மெஷின்கள் விற்பனைக்கு வருகின்றன. பல மெஷின்களில் உள்ளே இருப்பது 2013இல் வந்த ஐ7-4770. அதில் 4 கோர், 8 த்ரெட். 2022இல் வந்த ஐ3-12100எஃப் பிராசசரிலும் அதே 4 கோர், 8 த்ரெட்தான். ஆனால் கேம்களில் ஐ7ஐப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஐ3, ஐ7 என்பதைவிட எந்தத் தலைமுறை என்பதுதான் முக்கியம். அந்தப் பழைய பிராசசருக்கு விண்டோஸ் 11 ஆதரவும் இல்லை. விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11இல் வேலரண்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் கட்டாயம்; அந்தக் கால மெஷின்களில் டிபிஎம் 2.0 பெரும்பாலும் இருக்காது. எனவே மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்த மெஷினை வாங்கும் பிள்ளைக்கு, அவன் ஆட நினைத்த கேமே நாளை கதவைச் சாத்தலாம்.

எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசர்களில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கார்டு பழுதாகி சர்வீஸுக்குப் போனால் திரையில் ஒன்றும் வராது. கார்டுக்கு இப்போது பணம் இல்லை, ஆறு மாதம் கழித்து வாங்குவேன் என்பவர்களுக்கு ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசரைச் சொல்வேன். அதனுள்ளேயே எளிய கேம்களுக்குப் போதுமான கிராபிக்ஸ் இருக்கிறது.

ராம் விலைதான் இப்போது எல்லோர் கணக்கையும் கலைக்கிறது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்புகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போவதால் 2025 பிற்பகுதியிலிருந்து விலை தாறுமாறாக ஏறியது. கிருஷியல் என்ற பெயரில் கடைகளில் மெமரி விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. ஏஎம்டியின் புதிய ஏஎம்5 போர்டுகளில் டிடிஆர்5 மட்டுமே பொருந்தும். பழைய ஏஎம்4 போர்டில் டிடிஆர்4 போதும். வீட்டில் பழைய சிஸ்டத்தில் டிடிஆர்4 ராம் இருந்தால் கழற்றிப் பயன்படுத்தலாம். நாளைக்குப் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள ஏஎம்5 நல்லதுதான். ஆனால் கையில் உள்ள தொகை குறைவென்றால் இன்றைக்கு நான் ஏஎம்4 பக்கம்தான் நிற்பேன்.

போன மாதம் வாணியம்பாடியிலிருந்து ஓர் அப்பாவும் மகனும் வந்தார்கள். அப்பாவுக்குத் தோல் ஷெட்டில் வேலை. "சார், மானிட்டரோட சேர்த்து 80,000. அதுக்கு மேல என்னால முடியாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மகனின் பட்டியலில் ஆர்டிஎக்ஸ் 4060 இருந்தது. அதற்குக் கீழே பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ், ஒற்றை 8 ஜிபி ராம். மானிட்டர் வீட்டில் இருக்கும் பழைய 60 ஹெர்ட்ஸ். ஒரு வரியைப் பெரிதாக்க மற்ற எல்லா வரியையும் பட்டினி போட்டிருந்தான். கார்டை ரேடியான் ஆர்எக்ஸ் 7600 ஆக்கினோம். அதுவும் 8 ஜிபிதான், எடுப்பது 165 வாட்ஸ். பிராசசர் 6 கோர் உள்ள ரைசன் 5 5600. பி550 மதர்போர்டு. ராம் 8 ஜிபி இரண்டு. ஒரே 16 ஜிபியாகப் போட்டால் ராமுக்கும் பிராசசருக்கும் இடையே பாதை ஒன்றுதான் திறக்கும், இரண்டாகப் போட்டால் இரண்டு பாதை. மொத்தப் பணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கார்டுக்குப் போனது. மிச்சத்தில் 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸும் 165 ஹெர்ட்ஸ் மானிட்டரும் வந்தன.

"எத்தனை வருஷம் வரும் சார்?" என்று அப்பா கேட்டார். "கார்டை மூணு நாலு வருஷத்துல தம்பியே மாத்தணும்னு கேப்பான். எஸ்எம்பிஎஸ், கேபினட், மானிட்டர் மூணும் அப்பவும் அப்படியே இருக்கும்" என்றேன். பையன் முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. மானிட்டரைப் போட்டு மவுஸை அசைத்துக் காட்டியதும் தெளிந்துவிட்டது.

கேபினட்டுக்கு ஒரு வார்த்தை போதும்: முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை வேண்டும். மே மாதம் சென்னையிலும் வேலூரிலும் 40 டிகிரி தாண்டும்போது, காற்று நுழைய வழி இல்லாத பெட்டிக்குள் நல்ல கார்டும் சூட்டில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கார்டு எத்தனை மில்லிமீட்டர் நீளம், பெட்டிக்குள் எவ்வளவு இடம் என்பதையும் பாருங்கள். எஸ்எஸ்டி என்விஎம்இ வகையாக இருந்தால் நல்லது, சாட்டா வகை என்றாலும் கேம் லோட் ஆவதில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஹார்டு டிஸ்க்கில் மட்டும் விண்டோஸ் போடாதீர்கள்.

யுபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணை வாட்ஸ் என்று நினைத்துவிடுகிறார்கள். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தாங்கும். கேம் ஓடும்போது மேலே சொன்ன சிஸ்டமும் மானிட்டரும் சேர்ந்து அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கரண்ட் போன நொடியில் யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிடலாம். 1000 விஏவுக்குப் போங்கள்.

ஜிஎஸ்டி பில் இல்லாமல் தருகிறேன் என்று 18 சதவீதத்தைக் காட்டி ஆசை மூட்டினால் மறுத்துவிடுங்கள். வாரண்டியை சில கம்பெனிகள் சீரியல் எண்ணை வைத்துப் பார்க்கும். சில பில்லைக் கேட்கும். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். பெட்டிகளையும் பரணில் போட்டு வையுங்கள்.

சிஸ்டம் வீட்டுக்கு வந்ததும் மூன்று இடத்தைப் பாருங்கள். காசு செலவில்லாத வேகம் அங்கே இருக்கிறது. மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்ல, கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்க வேண்டும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்யுங்கள். சில போர்டுகளில் அதற்கு டிஓசிபி என்று பெயர். செய்யாவிட்டால் 3200 என்று எழுதிய ராம் 2133லோ 2400லோ ஓடிக்கொண்டிருக்கலாம். கடைசியாக விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெஃப்ரெஷ் ரேட்டைத் திறங்கள். 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி மாதக்கணக்கில் 60இலேயே ஓட்டிய வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன்.