கேக்குக்கு விலை போடாதீங்க

இங்கிலாந்துல நான் வேலை பார்த்த ஆபீஸ்ல, ஒரு செப்டம்பர் வெள்ளிக்கிழமை நடந்ததுல இருந்து இந்த எபிசோடைத் தொடங்குறேன்.

எங்க டீம்ல ஒரு சீனியர் இருந்தாங்க. அவங்க கணவர் புற்றுநோயில இறந்து அஞ்சு மாசம் ஆகியிருந்துச்சு. லீவு முடிஞ்சு திரும்பி வந்ததுல இருந்து யாருமே அவங்ககிட்ட சரியா பேசல. கெட்ட எண்ணம் எல்லாம் இல்ல, என்ன பேசுறதுன்னு தெரியல. அவங்க லிஃப்ட்ல ஏறுறதைப் பார்த்தா படிக்கட்டுப் பக்கம் திரும்பினவங்கள்ல நானும் ஒருத்தன்.

அன்னிக்கு அவங்க ஒரு லெமன் டிரிஸில் கேக்கோட வந்தாங்க. கிச்சன் மேஜையில வச்சு, பக்கத்துல ஒரு அட்டை. கணவரோட பேரு, 'ஞாயித்துக்கிழமை அவர் செய்யுற கேக்'னு ஒரு வரி. ஒரு உண்டியல் டப்பா. அவ்வளவுதான்.

இது அவங்களா கண்டுபிடிச்ச வழி இல்ல. மேக்மில்லன் கேன்சர் சப்போர்ட்னு பிரிட்டன்ல ஒரு தொண்டு அமைப்பு இருக்கு. டக்ளஸ் மேக்மில்லன்ங்கிறவர், தன் அப்பா புற்றுநோயில அவதிப்பட்டு இறந்ததைப் பார்த்துட்டு 1911-ல ஆரம்பிச்சது. அமைப்பே ஒரு நினைவுல இருந்து வந்ததுதான். 1990-ல அவங்க காபி மார்னிங்னு ஒண்ணைத் தொடங்கினாங்க: நாலு பேர் கூடி காபி குடிங்க, அந்தக் காபிக் காசை நன்கொடையா போடுங்க. இப்போ ஒவ்வொரு செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமையும் வீடு, ஆபீஸ், சர்ச் ஹால்னு நாடு முழுக்க நடக்குது. பேருதான் காபி, ஹீரோ என்னவோ கேக். இறந்துபோன ஒருத்தர் பேருல நடத்துறவங்க நிறைய.

நம்ம ஊர்ல திதி அன்னிக்கு ஏதாவது ஒரு இல்லத்துல ஒரு வேளை சாப்பாட்டுக்குப் பணம் கட்டுறோம் இல்லையா, அதுக்கு இது தூரத்துச் சொந்தம். ஆனா ஒரு வித்தியாசம். அங்க சாப்பிடுறவங்களுக்கு இறந்தவரைத் தெரியாது. இங்க சாப்பிடுறவங்கதான் காசும் போடுறாங்க, அதுவும் துக்கத்துல இருக்குறவங்களுக்குப் பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருக்கிறவங்க.

இப்போ நீங்க கேக்கலாம் (சிலேடை தானா வருது, மன்னிச்சிடுங்க): எதுக்கு இவ்வளவு சுத்து? நேரா பணத்தை அனுப்பிட்டா போதாதா?

கணக்கு போட்டா போதும்தான். அந்தக் கேக்குக்கு 225 கிராம் வெண்ணெய், அதே அளவு சர்க்கரை, பேக்கிங் பவுடர் கலந்த மைதா அதே அளவு, நாலு முட்டை, எலுமிச்சை. நறுக்கினா பத்துத் துண்டு. துண்டு 1 பவுண்டுன்னு வச்சா மொத்தம் 10 பவுண்டு, அதுல பொருள் செலவு கணிசமா போயிடும். வியாபாரமா பார்த்தா படு மோசம்.

அதனாலதான் விலை போடக் கூடாதுன்னு சொல்றேன். '1 பவுண்டு'ன்னு எழுதினா, காசைப் போட்டுட்டுத் துண்டை எடுத்துட்டுப் போயிடுவோம், விஷயம் முடிஞ்சது. விலை இல்லன்னா ஒரு நொடி நின்னு யோசிக்கணும். பிரிட்டன்ல இதுக்குச் சட்டத்துலயும் ஒரு காரணம் இருக்கு. அங்க கிஃப்ட் எய்ட்னு ஒரு திட்டம். வரி கட்டுறவர் 1 பவுண்டு நன்கொடை கொடுத்து, பேரு முகவரியோட ஒரு படிவமும் நிரப்பினா, அமைப்பு அரசாங்கத்துக்கிட்ட இருந்து இன்னொரு 25 பென்ஸ் வாங்கிக்கலாம். ஆனா கேக்கை விலைக்கு வாங்கினா அது நன்கொடை இல்ல, கொள்முதல். கேக் சும்மா, நன்கொடை உங்க இஷ்டம்னு இருந்தாதான் அந்த 25 பென்ஸ் வரும்.

அன்னிக்கு நான் 5 பவுண்டு போட்டேன். போட்டுட்டு சும்மா நகர முடியல. "அவர் எத்தனை எலுமிச்சை போடுவார்?"னு கேட்டேன். அஞ்சு மாசத்துல நான் அவங்ககிட்ட கேட்ட முதல் கேள்வி. "அதுதான் எனக்கும் தெரியல"ன்னு சிரிச்சாங்க. வீட்ல பேக் பண்றது அவர்தானாம், எதையும் எழுதி வைக்கல. இவங்க முதல் ரெண்டு தடவை செஞ்சது நடுவுல குழி விழுந்துடுச்சு. பாதியிலேயே ஓவன் கதவைத் திறந்து பார்த்திருக்காங்க. மாவு உள்ள இறுகுறதுக்கு முன்னாடி சூடு இறங்கினா கேக் அமுங்கிடும். மூணாவது தடவை 180 டிகிரியில முக்கால் மணி நேரம் கதவைத் தொடாம நின்னாங்களாம். அவர் இருந்தப்போ அந்த ஓவனை எப்படி ஆன் பண்றதுன்னே தெரியாதுன்னாங்க. பத்து நிமிஷம் பேசிட்டிருந்தோம், அதுக்குள்ள இன்னும் நாலு பேர் வந்து சேர்ந்துட்டாங்க.

நீங்க யாருக்காவது இப்படிச் செய்யப் போறீங்கன்னா லெமன் டிரிஸில் நல்ல தேர்வு. சூடா இருக்கும்போதே குச்சியால குத்தி, எலுமிச்சைச் சாறுல சர்க்கரை கலந்து ஊத்துவாங்க. சாறு உள்ள இறங்கிடும், சர்க்கரை மேல மொறுமொறுன்னு நின்னுடும். ஃப்ரெஷ் க்ரீம் இல்லாததால ஃப்ரிட்ஜ் தேவையில்ல, மூடி வச்சா மூணு நாள் தாங்கும், ட்ரெயின்ல கொண்டு போகலாம்.

என்னென்ன போட்டிருக்குன்னு கண்டிப்பா எழுதி வைங்க. முட்டை, பால், கோதுமை, நட்ஸ், எள், எல்லாம். 2016-ல 15 வயசுப் பொண்ணு ஒருத்தி, கடையில வாங்கின ரொட்டியில எள் இருக்குறது தெரியாம சாப்பிட்டு இறந்துட்டா. அவளோட பெற்றோர் போராடினதாலதான் 2021-ல இங்கிலாந்துல லேபிள் சட்டம் கடுமையாச்சு. எப்பவாவது வீட்ல செஞ்சு வைக்கிறவங்களுக்குக் கடைக்காரங்க அளவுக்கு விதி இல்ல. ஆனா அலர்ஜிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இறந்தவர் உங்க நண்பர்னா, அவர் பேரை அட்டையில போடுறதுக்கு முன்னாடி குடும்பத்துக்கிட்ட கேளுங்க. சிலருக்கு அந்தப் பேரை ஆபீஸ் கிச்சன்ல பார்க்குற தெம்பு இன்னும் வந்திருக்காது. வேணாம்னு சொன்னா பேரில்லாம செய்யுங்க, காசு அதே இடத்துக்குத்தான் போகும்.

முடிஞ்சதும் எவ்வளவு சேர்ந்துச்சுன்னு எல்லாருக்கும் சொல்லிடுங்க. அவங்க திங்கக்கிழமை மெயில் போட்டாங்க: மொத்தத் தொகை, அனுப்பின ரசீது. கீழே ஒரு வரி. உண்டியலுக்கு வச்ச டப்பா யாரோடதுன்னு தெரியல, கிச்சன்ல கழுவி வச்சிருக்கேன், எடுத்துக்கோங்க.