பழைய பிலிம் கேமரா: ஷட்டர் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது?

பிலிமில் படம் எடுத்து, நெகட்டிவை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் சேமித்து வைக்கலாம் என்ற ஆசையில் செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்குபவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பட்டனை அழுத்தினால் அசையவில்லை. உடனே "ஷட்டர் ஜாம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல நேரங்களில் ஷட்டர் நன்றாகவே இருக்கும். பலவந்தமாகத் திருகும்போதுதான் உடைகிறது. கீழே உள்ள வரிசையில் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

1. உள்ளே பிலிம் இருக்கிறதா?

முதலில் பின்கதவைத் திறக்காதீர்கள். கேமராவின் மேலே இடது பக்கம் உள்ள ரீவைண்ட் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். இறுக்கமாக இருந்தால் உள்ளே பிலிம் இருக்கிறது. அதில் யாருடைய கல்யாணமோ, மறைந்துபோன ஒரு பாட்டியின் முகமோ இருக்கலாம். வெளிச்சம் பட்டால் எல்லாம் போய்விடும்.

36 படங்கள் முடிந்ததும் வைண்டிங் லீவர் பாதியில் நின்றுவிடும். பட்டனும் வேலை செய்யாது. இது ஜாம் அல்ல. கேமராவின் அடிப்பகுதியில் உள்ள சிறிய பட்டனை அழுத்திவிட்டு, பிலிம் முழுவதையும் ரீவைண்ட் செய்யுங்கள். பிறகு லீவரை முழுவதும் தள்ளினால் ஷட்டர் இயங்கும். ரீவைண்ட் ஆகவில்லை என்றால், ஸ்டூடியோவில் கொடுத்து இருட்டில் எடுக்கச் சொல்லுங்கள்.

2. லாக், பேட்டரி

நிக்கான் எஃப்எம்2 கேமராவில் லீவரை உடலோடு ஒட்டித் தள்ளினால் பட்டன் லாக் ஆகிவிடும். லீவரைச் சற்று வெளியே இழுத்தால் போதும். கேனான் ஏஇ-1 கேமராவில் 6 வோல்ட் பேட்டரி இல்லாமல் ஷட்டர் இயங்கவே இயங்காது. பென்டாக்ஸ் கே1000 கேமராவில் பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டும்தான், ஷட்டருக்குத் தேவையில்லை. எனவே, வாங்கிய மாடல் எது என்று முதலில் பாருங்கள். பேட்டரி அறையில் வெள்ளையாகப் பூத்திருந்தால், பஞ்சில் சில துளி வினிகர் தொட்டுத் துடைத்து உலரவிடுங்கள்.

3. கண்ணாடி ஒட்டிக்கொண்டதா?

வ்யூஃபைண்டரில் பார்த்தால் ஒரே இருட்டாக இருக்கிறதா? லென்ஸைக் கழற்றுங்கள். உள்ளே கண்ணாடி மேலே தூக்கியபடி நிற்கலாம். அது மோதும் இடத்தில் உள்ள கறுப்பு ஸ்பாஞ்ச், வருடக்கணக்கில் வெயிலும் சூடும் பட்டு, தார் போல ஒட்டும் தன்மைக்கு மாறிவிடும். கண்ணாடியின் விளிம்பை மட்டும் இயர்பட் நுனியால் மெல்லத் தொடுங்கள். வெறுமனே ஒட்டியிருந்தால் இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் அழுத்தாதீர்கள். கோளாறு உள்ளே இருக்கிறது.

4. தூசியும் எண்ணெயும்

அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் உள்ளன. காற்றில் மிதக்கும் நுண்ணிய தூசி, கேமராவுக்குள் இருக்கும் பழைய எண்ணெயோடு சேர்ந்தால் பசையாகிவிடும். ரப்பர் புளோயரால் மட்டும் ஊதுங்கள். ஷட்டர் திரையை விரலால் தொடக்கூடாது. தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம்; இன்று ஓடும், நாளை இன்னும் மோசமாகச் சிக்கும். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் உள்ள பழைய மாடல்களில் செல்ஃப் டைமரைத் தொடாதீர்கள். அது பாதியில் நின்றால் ஷட்டரும் நின்றுவிடும்.

5. கம்ப்யூட்டரில் சோதனை

ஷட்டர் இயங்கத் தொடங்கிவிட்டதா? வேகம் சரியா என்று பார்க்க உங்கள் கம்ப்யூட்டரே போதும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளை இன்ஸ்டால் செய்யுங்கள். டயலை 1 வினாடியில் வைத்து, மைக் அருகே கேமராவைப் பிடித்து, ரெகார்ட் பட்டனைக் கிளிக் செய்துவிட்டு ஷட்டரை அழுத்துங்கள். திரையில் ஒலி அலை தெரியும். ஷட்டர் திறக்கும்போது ஒரு முனை, மூடும்போது ஒரு முனை. இரண்டுக்கும் இடைவெளி சுமார் 1 வினாடி இருக்க வேண்டும். ஒன்றரை வினாடி காட்டினால், மெதுவான வேகங்களுக்கான பற்சக்கரங்களில் எண்ணெய் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். 1/2, 1/4, 1/8 வேகங்களையும் இப்படியே பாருங்கள். 1/60-க்கு மேல் இரண்டு சத்தமும் கலந்துவிடும் என்பதால் இந்த முறை உதவாது.

6. முதல் ரோல்

வேகமான எண்களைச் சோதிக்க ஒரு ரோலைச் செலவழியுங்கள். கங்கைகொண்ட சோழபுரம் கோபுரத்தையோ, சாத்தனூர் கல்மரத்தையோ நல்ல வெயிலில் எடுக்கலாம். ஐஎஸ்ஓ 200 பிலிம் என்றால் அப்பெர்ச்சர் 16, வேகம் 1/250. அடுத்து அப்பெர்ச்சர் 11, வேகம் 1/500. பிறகு அப்பெர்ச்சர் 8, வேகம் 1/1000. மூன்று நெகட்டிவும் ஒரே அடர்த்தியில் வந்தால் ஷட்டர் நலம்.

இத்தனைக்குப் பிறகும் அசையாவிட்டால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். பழைய கேமரா பழுது பார்ப்பவரை விசாரித்துக் கொடுங்கள். மேல் மூடி திறக்கப்படாத கேமராவைச் சரி செய்வது அவருக்கும் சுலபம், உங்களுக்கும் செலவு குறைவு.