முன் ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவா? துடைத்துவிட்டுப் போகாதீர்கள்!

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களில் பலருக்கு மோட்டார் சைக்கிள்தான் பஸ்ஸும் ரயிலும். வார நாட்களில் பீனியாவுக்கும் பொம்மசந்திராவுக்கும் ஷிப்டு வேலைக்கு ஓடும் அதே வண்டிதான், பொங்கல் வந்தால் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி, தருமபுரி வரை போகிறது. வழியில் உள்ள குழிகளின் அடியையும் வேகத்தடைகளின் அடியையும் முதலில் வாங்குவது முன் ஷாக் அப்சார்பர்.

அதன் பளபளப்பான குழாயில் வளையம் போல எண்ணெய்க் கறை தெரிந்தால், பலரும் துணியால் துடைத்துவிட்டுப் புறப்பட்டு விடுகிறார்கள். துடைத்தால் கறை போகும், கசிவு போகாது. வழியும் எண்ணெய் பிரேக்கை எட்டினால் ஆபத்து. டிஸ்க் பிரேக் வண்டியில் இது இன்னும் சுலபமாக நேரும். எண்ணெய் ஊறிய பிரேக் பேடு சரியாகப் பிடிக்காது. அதை மாற்றத்தான் வேண்டும்.

உள்ளே இருப்பது என்ன?

எண்ணெயால் அதிர்வை அடக்கும் இவ்வகை போர்க்கை ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1935-இல் தன் வண்டிகளில் பொருத்தியது. இன்றைய 100 சி.சி. வண்டிகளிலும் அடிப்படை அதுவே. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் ஏறி இறங்குகிறது. உள்ளிருக்கும் ஸ்பிரிங் அடியைத் தாங்குகிறது. எண்ணெய் சிறு துளைகள் வழியே புகுந்து செல்லும்போது ஸ்பிரிங்கின் துள்ளல் அடங்குகிறது. குழாய்கள் சேரும் வாயில் எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது ‘ஆயில் சீல்’ என்ற ரப்பர் வளையம். அதற்கு மேல் தூசியைத் தடுக்க இன்னொரு ரப்பர் மூடி.

சில சமயம் சீல் கெட்டிருக்காது. அதன் உதட்டில் மண் சிக்கியிருக்கும். தூசி மூடியை மேலே தள்ளி, பழைய எக்ஸ்ரே பிலிமின் மெல்லிய துண்டைக் குழாய்க்கும் சீலுக்கும் இடையே விட்டுச் சுற்றி எடுத்தால் மண் வந்துவிடும். அதன் பிறகும் கசிந்தால் சீலை மாற்ற வேண்டியதுதான்.

வாங்க வேண்டியவை

ஆயில் சீல் 2, தூசி மூடி 2, அடி போல்ட்டுக்கான செம்பு வாஷர் 2, போர்க் ஆயில். ஜே.சி. ரோடு கடைகளில் வண்டியின் பெயரோடு தயாரான ஆண்டையும் சொல்லிக் கேட்க வேண்டும். எண்ணெயின் தரமும் அளவும் வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் உள்ளதே கணக்கு. வீட்டில் மீந்திருக்கும் ஏதோ ஓர் எண்ணெயை ஊற்றக் கூடாது.

வேலை முறை

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, முன் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி வைக்க வேண்டும். ஆட்டிப் பார்த்து, வண்டி அசையாது என்று தெரிந்த பிறகே ஸ்பானரை எடுக்கலாம்.

இங்கே வரிசை முக்கியம். ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போதே அடியிலுள்ள ஆலன் போல்ட்டைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். ஸ்பிரிங்கை எடுத்த பிறகு முயன்றால், உள்ளிருக்கும் தண்டும் போல்ட்டோடு சேர்ந்து சுற்றும். மேல் மூடியை ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும் என்பதால், கழற்றும்போது முகத்தை விலக்கி, உள்ளங்கையால் அமுக்கியபடியே திருக வேண்டும். டிஸ்க் பிரேக்கின் காலிப்பரை அதன் ஹோஸில் தொங்கவிடாமல் கயிற்றால் கட்டிவைக்க வேண்டும். சக்கரம் கழன்றிருக்கையில் பிரேக் லீவரை அமுக்கக் கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் பிரிப்பது நல்லது. சந்தேகம் வந்தால் மற்றது வழிகாட்டும். ஸ்பிரிங்கின் எந்த முனை மேலே இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய எண்ணெயைப் பாத்திரத்தில் வடித்து, உள்பாகங்களை மண்ணெண்ணெயால் கழுவி உலர்த்த வேண்டும்.

பிறகு குழாயை விரலாலும் நகத்தாலும் தடவிப் பார்க்க வேண்டும். துருப்புள்ளியோ கீறலோ நகத்தில் தட்டினால் அதுதான் சீலை அறுத்த குற்றவாளி. லேசான பிசிறென்றால் மிக நைசான உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். ஆழமான பள்ளமென்றால் குழாயையே மாற்ற வேண்டும். இல்லையேல் புதுச் சீலும் சீக்கிரமே போய்விடும். சமதளக் கண்ணாடி மீது உருட்டிப் பார்த்தால் குழாயின் வளைவும் தெரியும்.

புதுச் சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, குழாயின் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் உறையைச் சுற்றிய பின் நுழைத்தால் ரப்பர் கிழியாது. சிறு ஸ்பிரிங் வளையம் தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கிக் கீழே இருக்க வேண்டும். பழைய சீலை மேலே வைத்து, பொருத்தமான பி.வி.சி. குழாயால் சுற்றிலும் சமமாகத் தட்டினால் சீல் இறங்கும். சர்க்கிளிப் உட்காரும் பள்ளம் முழுதும் தெரிந்ததும் நிறுத்திவிடலாம்.

எண்ணெயை அளக்க, மில்லி லிட்டர் கோடு போட்ட பழைய பால் புட்டியே போதும். இரண்டு கால்களுக்கும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஊற்றியபின் குழாயை மெதுவாகப் பலமுறை ஏற்றி இறக்கினால் காற்று வெளியேறும்.

முடித்த பிறகு

எல்லா போல்ட்டுகளையும் மறுமுறை சரிபார்த்து, டிஸ்க் வண்டியானால் லீவர் கெட்டியாகும் வரை அமுக்கிவிட்டு, தெருவிலேயே நடை வேகத்தில் ஓட்டி பிரேக்கைச் சோதிக்க வேண்டும். மறுநாள் குழாய் உலர்ந்திருந்தால் வேலை சரி. கழிவு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், அதைச் சேகரிக்கும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுவது முறை.

முதல் தடவை செய்பவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் பிடிக்கலாம். ஊருக்குப் புறப்படும் நாளுக்கு முந்திய இரவில் இதைத் தொடங்காதிருப்பது புத்திசாலித்தனம்.