விடைப்பிழையும் வினாப்பிழையும்

சந்திரனது இயக்கத்தைக் கணிதத்தால் வரையறுக்கப் புகுந்த டெலோனே என்னும் பிரெஞ்சு வானநூற் புலவர், அவ்வொரு பணிக்கே தம் வாழ்நாளில் இருபது யாண்டுகளைச் செலவிட்டார். எண்களைக் கொண்டன்றி எழுத்துக்களைக் கொண்டே அவர் இயற்றிய அக்கணக்கு, 1860ஆம் ஆண்டிலும் 1867ஆம் ஆண்டிலும் இரு பெரு நூல்களாக வெளிவந்தது. ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 1970ஆம் ஆண்டளவில், அறிஞர் மூவர் அக்கணக்கைக் கணினியின் துணையால் மீண்டும் இயற்றிப் பார்த்தனர். டெலோனே தம் கையால் இழைத்த பிழைகள் வியக்கத்தக்க அளவிற்குச் சிலவே. எனினும் அச்சிலவும் கணினிக்குத் தப்பவில்லை.

எண்களைக் கூட்டியும் பெருக்கியும் விடை தருவது சாதாரணக் கணக்குப்பொறி. எழுத்துக்களை எழுத்துக்களாகவே வைத்துக்கொண்டு அவற்றைப் பெருக்கியும், சுருக்கியும், வகையிட்டும், தொகையிட்டும் விடை தருவது இயற்கணித மென்பொருளாம். அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1968ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மாக்சிமா என்னும் நிரலின் வழித்தோன்றல், இன்று அதே ஒலியுடைய பெயரோடு யாவரும் விலையின்றிப் பெறத்தக்கதாய் உள்ளது. கனடா நாட்டு வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1980ஆம் ஆண்டு மேப்பிள் தோன்றிற்று. 1988இல் மேத்தமேட்டிக்கா வெளிவந்தது. 2005இல் சேஜ் பிறந்தது. பைத்தான் மொழியில் இயங்கும் சிம்பை என்பதும் இக்குடும்பத்ததே. இவை எதிர்பாராத விடையொன்றைத் தருங்கால் நாம் செய்யத்தக்கது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் என்ன வேலை என அன்பர் சிலர் வினவலாம். எம் விடுதியிற் கணிதம் பயிலும் நண்பர் ஒருவர், தம் கட்டுரையை ஒப்புவிக்கவேண்டிய நாளுக்கு முந்திய இரவு எம் அறைக்கு வந்து, "இந்தப் பொறிக்குப் பித்துப் பிடித்துவிட்டது" என்றார். எக்ஸ் என்பதன் வர்க்கத்தை வகையிடுமாறு பணித்திருந்தார். இரண்டு எக்ஸ் என விடை வருதல் வேண்டும்; அது பள்ளிச் சிறுவரும் அறிந்தது. பொறியோ, '5' என்பதைக் குறித்து வகையிடல் இயலாது என்று கூறி நின்றுவிட்டது. யாம் கணிதம் வல்லேம் அல்லேம், ஆதலின் அச்செய்தியை இருமுறை வாசித்து, "இந்த ஐந்து எங்கிருந்து வந்தது?" என்று மட்டும் கேட்டோம். நண்பர் சற்றே திகைத்தார். அன்று மாலை வேறொரு கணக்கிற்காக எக்ஸ் என்பதற்கு 5 என மதிப்புக் கொடுத்திருந்தார். பின்னர் அவ்வரியைத் திரையினின்றும் அழித்துவிட்டார். திரையில் அழிந்தது பொறியின் நினைவில் அழியவில்லை. நிரலை மூடி, மீண்டும் திறந்து, முதல்வரி தொடங்கி முறையே இயக்கியவுடன் நேரிய விடை வந்தது.

அவ்விரவு நண்பர் இழந்தது மூன்று மணி நேரம். ஆயின் அதனினும் பெரியதொன்றை இழக்கும் நிலையில் அவர் இருந்தார். எதிர்பார்த்த விடை வாராமை கண்டு, தாம் முந்திய நாள் நேரிதாக வருவித்திருந்த சூத்திரத்தையே பிழையென எண்ணி, அதனைத் திருத்தத் தொடங்கிவிட்டார். ஏட்டுச்சுவடி ஆராய்வோர் அஞ்சும் குற்றமும் இதுவேயன்றோ? தமக்கு விளங்காத பாடத்தைப் பிழையெனக் கொண்டு, நல்ல பாடத்தைக் கெடுத்துவிடுதல் எளிது. ஆகலின் நல்ல பதிப்பாசிரியர், திருத்துமுன், "ஏட்டில் எழுதியிருப்பது யாது? யாம் அதனை நேரே வாசித்தோமா?" என்று தம்மையே கேட்டுக்கொள்வர். கணினியின் முன் அமர்ந்திருப்போர்க்கும் அம்முறையே ஏற்றது. முதலில் ஆராயவேண்டுவது விடையன்று, வினா. அதிலும் நாம் கேட்டதாக எண்ணிய வினாவன்று, பொறி பெற்றுக்கொண்ட வினா.

இனி, அவ்விரண்டும் வேறுபடும் இடங்களைக் காண்போம். மேலே கூறிய பழைய மதிப்பு எஞ்சியிருத்தல் அவற்றுள் ஒன்று. மற்றொன்று எழுத்து மயக்கம். மேப்பிள் என்னும் நிரலில், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய பை என்னும் எண்ணைப் பெறுதற்கு, அப்பெயரின் முதலெழுத்தை ஆங்கிலப் பேரெழுத்தாக இடல் வேண்டும். சிற்றெழுத்தாக இட்டால் அது மதிப்பற்ற வெறும் பெயரேயாகும். விந்தை யாதெனின், விடையைக் காட்டுங்கால் இரண்டும் ஒரே கிரேக்க எழுத்தாகவே தோன்றும்! பையின் சைன் பூச்சியமாதல் வேண்டும். ஆயினும் சிற்றெழுத்திட்டவர்க்கு அவ்விடை வாராது. பழைய ஏடுகளில் ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு காணாது இடர்ப்படும் எம்மனோர்க்கு இவ்விடுக்கண் புதியதன்று.

குறிகளும் இவ்வாறே மயக்குவன. அடுக்கைக் குறித்தற்குப் பல நிரல்கள் கூரை போன்றதொரு குறியைக் கொள்ளும். பைத்தான் மொழியிலோ இரண்டு உடுக்குறிகளை இடல் வேண்டும். கூரைக்குறி அங்கு வேறொரு செயலுக்கு உரியது. இரண்டின் மூன்றாம் அடுக்கைக் கருதி, 2க்கும் 3க்கும் இடையே அக்கூரையை இட்டால், 8 வருதற்கு மாறாக 1 வரும். பொறி பிழை செய்திலது. அம்மொழியின் இலக்கணப்படி அதுவே சரியான விடை.

அடுத்து, பின்னமும் தசமமும் பற்றியது. மூன்றில் ஒன்று என்பது இயற்கணிதத்தில் முழுத்திட்பமுடைய எண். அதனைப் பைத்தானில் ஒன்றை மூன்றால் வகுத்தலாக எழுதினால், சிம்பை அதனைக் காணுமுன்னரே பைத்தான் வகுத்து, 0.333 எனத் தொடங்கி ஓரிடத்தில் முடியும் தசமமாக்கிவிடும். தசமங்களைக் கணினி இரண்டை அடியாகக்கொண்ட எண்முறையிற் சேமிப்பதால், 0.1 என்பதுகூட அதனிடம் சிறிது பிசகியே நிற்கும். 0.1, 0.2 ஆகிய இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 என விடை வருவது இதனாலேயே. பூச்சியமாய் ஒழியவேண்டிய உறுப்பு சிறு துகளாய் எஞ்சி நின்றால், எங்கேனும் தசமப்புள்ளி புகுந்துள்ளதோ என முதலில் தேடுக.

நான்காவது காரணம் நுட்பமானது. அது நாம் வாய்விட்டுச் சொல்லாத எடுகோள். எக்ஸ் வர்க்கத்தின் வர்க்கமூலம் எக்ஸ் தானே என எண்ணுவோம். சிம்பை அதனைச் சுருக்காது அப்படியே விட்டுவிடும். சோம்பல் அன்று, நேர்மை. எக்ஸ் என்பது குறை மூன்று ஆயின், அதன் வர்க்கம் 9, அதன் மூலம் மிகை மூன்று. தொடங்கிய எண் கிடைத்திலது. எக்ஸ் மிகையெண் என்று முன்னரே அறிவித்தால், சிம்பை உடனே சுருக்கிவிடும். குறை எட்டின் கனமூலமும் இத்தகையதே. குறை இரண்டு என்பது பள்ளியிற் கற்ற விடை. கலப்பெண்களின் உலகிலோ அதற்கு மூலங்கள் மூன்று உள. ஒரு பொதுவிதியால் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிரல், மெய்ப்பகுதி 1 ஆகவும் கற்பனைப்பகுதி மூன்றின் வர்க்கமூலமாகவும் உள்ள எண்ணைத் தரும். இவ்வகையில் வழித்தோன்றல் மாக்சிமாவின் பண்பு பாராட்டற்குரியது. எக்ஸின் என்-ஆம் அடுக்கைத் தொகையிடச் சொன்னால், "என் என்பது குறை ஒன்றுக்குச் சமமோ?" என அது நம்மையே திருப்பிக் கேட்கும். அவ்வொரு நிலையில் மட்டும் விடை மடக்கையாகிவிடுதலே காரணம். வினாவுக்கு வினா வருவது கண்டு மருளவேண்டுவதில்லை. நாம் சொல்ல மறந்ததை அது நினைவூட்டுகின்றது.

ஐந்தாவது, விடை சரியாயிருந்தும் வேற்றுருவில் வருதல். சைனையும் கோசைனையும் பெருக்கித் தொகையிட்டால், சைன் வர்க்கத்திற் பாதி எனவும் கூறலாம். கோசைன் வர்க்கத்திற் பாதியின் குறை எனவும் கூறலாம். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு அரை என்னும் மாறிலியே. பாடநூலின் விடை ஒன்றும் பொறியின் விடை மற்றொன்றும் ஆயின், ஒன்றினின்றும் மற்றொன்றைக் கழித்துப் பார்க்க. எக்ஸுக்குச் சில எண்களை இட்டும் பார்க்க. இரண்டு கோவைகள் சமமோ என்பதைப் பொறியே கண்டு சொல்லலாகாதோ எனின், எல்லா இடத்தும் இயலாது. சைன், அடுக்குச்சார்பு, மட்டுமதிப்பு முதலியன விரவிய கோவைகள் பூச்சியத்துக்குச் சமமோ என எப்பொழுதும் தீர்மானிக்கவல்ல பொதுமுறை இருத்தலே இயலாது என்பதை ரிச்சர்ட்சன் என்பார் 1968ஆம் ஆண்டில் நிறுவினார்.

இத்துணையும் நோக்கிய பின்னரும் விடை பொருந்தாதாயின், பொறியின்மேல் ஐயங்கொள்ளலாம். பொறியும் பிழை செய்வதே. இரண்டோடு கோசைன் எக்ஸைக் கூட்டி, ஒன்றை அதனால் வகுத்து, பூச்சியம் தொடங்கி இரண்டு பை வரை தொகையிடுக. இடைச்சார்பு எங்கும் மூன்றில் ஒன்றுக்குக் குறையாது, ஒன்றுக்கு மிகாது. ஆதலின் விடை ஏறக்குறைய 2.09க்கும் 6.28க்கும் இடையே இருந்தே தீரவேண்டும். முந்தைய நிரல்கள் சில இத்தகைய கணக்குகளுக்குப் பூச்சியம் எனக் கூறியதுண்டு. அவை பெற்ற தொகைச்சூத்திரம் இடையில் ஓரிடத்தில் திடீரென முறிந்து விழுவதைக் கவனியாது, இரு முனைகளின் மதிப்பை மட்டும் கழித்தமையே அதற்குக் காரணம். மெய்யான விடை 3.63க்கு அண்மையது. விடை எவ்வளவினதாய் இருத்தல் கூடும் என்று முன்னரே மதிப்பிட்டவரை இப்பிழை ஏமாற்றமாட்டாது.

இதனினும் அச்சந்தருவது வேறொன்று. துரான், பெரெஸ், வரோனா என்னும் ஸ்பெயின் நாட்டுக் கணிதர் மூவர் தமக்கு நேர்ந்ததனை 2014ஆம் ஆண்டு அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்டனர். மிகப்பெரிய முழு எண்களாலாகிய அணியொன்றின் அணிக்கோவையைப் பெயர்பெற்ற நிரலொன்றிற் கணித்தபோது, ஒரே அணிக்கு ஒருமுறை ஒரு விடையும் மறுமுறை வேறொரு விடையும் வந்தன. தசமமோ எடுகோளோ அங்கு இல்லை; முழு எண்கள் மட்டுமே. அப்பிழையால் முதலில் அவர்கள் ஐயுற்றது தம் கருத்தையே. வேறொரு நிரலோடு ஒப்பிட்ட பின்னரே உண்மை வெளிப்பட்டது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியையும் கூறல் வேண்டும். சைன் எக்ஸை எக்ஸால் வகுத்துப் பூச்சியம் முதல் முடிவிலி வரை தொகையிட்டால், விடை பையிற் பாதி. எக்ஸுக்கு ஈடாக எக்ஸின் மூன்றிலொரு பங்கை இட்ட அதே வடிவத்தாற் பெருக்கித் தொகையிட்டாலும் விடை அதுவே. ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என ஒவ்வொன்றாய்ச் சேர்த்துச் சென்றாலும் விடை மாறாது. பதினைந்தைச் சேர்த்தவுடன், பையிற் பாதியினும் ஏறத்தாழப் பதினாயிரங்கோடியில் இரு கூறு அளவே நுண்ணிதாகக் குறைந்த எண் வரும். காண்பார் எவரும் இதனைப் பொறியின் பிழையென்றே சாதிப்பர். ஆயினும் அது பிழையன்று என்பதனை டேவிட் போர்வைன், ஜோனதன் போர்வைன் என்னும் தந்தையும் மைந்தரும் 2001ஆம் ஆண்டில் விளக்கினர். மூன்றிலொன்று, ஐந்திலொன்று என்னும் பின்னங்களைப் பதின்மூன்றிலொன்று வரை கூட்டினால் 0.955, ஒன்றுக்குக் குறைவு. பதினைந்திலொன்றையும் கூட்டினால் 1.02, ஒன்றைக் கடந்துவிடும். கடந்த அந்நிலையிலேயே ஒழுங்கு குலைகின்றது. பொறியைப் பழித்திருப்பின் ஓர் அரிய உண்மை கைந்நழுவியிருக்கும்.

ஆகவே, பொறியை வைதலும் தகாது, அதன் சொல்லை மறையெனக் கொள்ளலும் தகாது. எதிர்பாராத விடை வந்தால், நிரலைப் புதிதாகத் திறந்து முதலினின்றும் இயக்குக, எழுத்தையும் குறியையும் நோக்குக, தசமம் புகுந்துள்ளதோ எனத் தேடுக, எடுகோளை வெளிப்படச் சொல்லுக, எண்ணிட்டுச் சரிபார்க்க. பின்னும் ஐயம் தீராதாயின், கணக்கைச் சிறிது சிறிதாக வெட்டி, பிழை தோன்றும் மிகச் சிறிய துண்டைக் காண்க. அதனை வேறொரு நிரலிலும் கையாலும் செய்து பார்க்க. பிழை பொறியினதே எனத் துணிந்தால், அச்சிறு துண்டையும், நிரலின் பதிப்பெண்ணையும், வந்த விடையையும், வரவேண்டிய விடையையும் எழுதி, அதனை ஆக்கியோர்க்கு அறிவிக்க. அது பின்வருவோர்க்குச் செய்யும் உதவியாம்.

எம் நண்பர் இப்பொழுது ஒரு பழக்கம் மேற்கொண்டுள்ளார். விசையை அழுத்துமுன், எத்தகைய விடை வரும் எனத் தாம் கருதுவதை ஒரு தாளில் எழுதி வைக்கின்றார். பொறியின் விடை அதனோடு ஒவ்வாதபோது, இப்பொழுதெல்லாம் அவர் எம் கதவைத் தட்டுவதில்லை. அத்தாளை எடுத்து, தாம் கேட்டது யாது என முதலிலிருந்து வாசிக்கத் தொடங்குகின்றார்.